கற்பனை உலகத்துக்கு ஜோதிடம் எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காரைக்குடியில் எங்கள் வீட்டு முகப்பில் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கதை எழுதும் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் கூடுவார்கள். பாதிப் பேர் ஃபேன்டஸி எழுதுகிறவர்கள். புது உலகம், புது அரசர்கள், கூடவே ஒரு புது ஜோதிடம். வாங்கிப் படித்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: பன்னிரண்டு ராசி, ராசிக்கு ஒரு மிருகம், மிருகத்துக்கு மூன்று குணம். நெருப்புப் பறவையில் பிறந்தவன் கோபக்காரன், வெள்ளி ஓநாயில் பிறந்தவள் யாரோடும் ஒட்டாதவள். நாற்பது பக்கம் தாண்டினால் அந்த ராசிகளைக் கதையில் எங்கேயும் காணோம்.

எனக்கு இது உண்மையாகவே வருத்தம். பிறந்த நட்சத்திரம் ஒருவருடைய வாழ்க்கைக்குள் எவ்வளவு தூரம் நுழையும் என்பது நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். வீட்டுப் பெட்டகத்தில் மஞ்சள் தடவிய ஜாதகக் கட்டு இருக்கிறது. அதைப் பார்த்து வளர்ந்தவர்கள், எழுத உட்கார்ந்ததும் அதை மறந்துவிடுகிறார்கள்.

முதல் தவறு, வானத்தைப் படைக்காமல் ராசியைப் படைப்பது. நம்முடைய எண்கள் எல்லாம் மேலே பார்த்து எண்ணியவை. சூரியன் ஒரு சுற்று வருவதற்குள் பன்னிரண்டு பௌர்ணமி வந்துபோகும். அதனால் பன்னிரண்டு ராசி. நிலா ஒரு சுற்று வர 27 நாளும் சொச்சமும் ஆகும்; நாளுக்கு ஒரு வீடு என்று 27 நட்சத்திரம். வட்டத்தை 27ஆல் வகுத்தால் ஒவ்வொன்றுக்கும் 13 பாகை 20 கலை (60 கலை ஒரு பாகை). சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை வருஷம், மூன்று ராசிக்கு ஏழரை. ஊரே பயப்படும் அந்த ஏழரை என்ற எண்ணை யாரும் யோசித்துப் பிடிக்கவில்லை, சனியின் நடையே அதுதான். அறுபதாம் கல்யாணமும் அப்படித்தான். வியாழனின் ஐந்து சுற்றும் சனியின் இரண்டு சுற்றும் 59 ஆண்டுகளை ஒட்டி முடிகின்றன. ஆக அறுபதை எட்டும் ஒருவருக்கு இரண்டு கிரகங்களும் அவர் பிறந்தபோது இருந்த இடத்தின் பக்கத்தில் வந்து நிற்கும்.

இதையே உங்கள் உலகத்துக்குச் செய்து பாருங்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு பெண் இரண்டு நிலா வைத்திருந்தாள், ராசி மட்டும் பன்னிரண்டு. ஏன் பன்னிரண்டு என்று கேட்டதற்குப் பதில் இல்லை. சரி, கணக்குப் போடலாம் என்று தாளை எடுத்தோம். சின்ன நிலாவுக்கு ஒரு சுற்று 20 நாள், பெரிய நிலாவுக்கு 45 நாள். சின்னது பெரியதை 36 நாளுக்கு ஒருமுறை எட்டிப் பிடிக்கும். அந்த 36 நாளில் பெரிய நிலா வட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு போயிருக்கும். அதனால் ஒவ்வொரு சந்திப்பும் முந்தைய இடத்துக்கு 72 பாகை பின்னால் நடக்கும். ஐந்து சந்திப்பு முடிந்து 180ஆம் நாள் பழைய இடத்துக்கே வந்து சேரும். அதாவது அந்த உலகத்து வானத்தில் ஐந்தே ஐந்து கூடல் இடங்கள் இருக்கின்றன. அவளுடைய ராசிகள் ஐந்து! தாளில் அது தெரிந்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வருஷம் 360 நாள் என்று வைத்தால், ஒரே ராசிக்காரர்கள் வருஷத்தில் இரண்டு பருவத்தில் பிறப்பார்கள். மழையில் பிறந்த ஊரணிக்காரனும் கோடையில் பிறந்த ஊரணிக்காரனும் ஒன்றா? இந்தக் கேள்வியிலேயே ஒரு கதை இருக்கிறது.

ஊரணி என்றது ராசிப் பெயர்தான். அவளுடைய நிலம் நம் பக்கம் போல மழையை நம்பிய வறண்ட பூமி. அங்கே டிராகனுக்கு என்ன வேலை? நம் துலாம் தராசு, கும்பம் குடம்; அன்றாடம் கையில் புழங்கியவை. அவள் கடைசியில் வைத்த பெயர்கள்: ஊரணி, களம், உலை, தராசு, சாவி.

அடுத்தது, திருவிழாவை ஒரு பக்கமும் ஜோதிடத்தை ஒரு பக்கமும் தனித்தனியாக எழுதுவது. நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து நாளுக்கு ஓர் இழையாக 21 இழை சேர்த்து, சஷ்டி திதியும் சதய நட்சத்திரமும் கூடுகிற நாளில் மாவில் ஏற்றிய சுடரோடு இழை எடுத்துக்கொள்வார்கள். சஷ்டியும் சதயமும் ஏன் அன்றைக்கு ஒன்றாக வருகின்றன? எண்ணிப் பாருங்கள். கார்த்திகை மூன்றாவது நட்சத்திரம், அதோடு 21 கூட்டினால் 24, அது சதயம். திருக்கார்த்திகை பௌர்ணமியை ஒட்டி வரும். அந்தப் பௌர்ணமியிலிருந்து அமாவாசைக்குப் பதினைந்து திதி, அதற்குப் பிறகு ஆறாவது திதி சஷ்டி, மொத்தம் 21. நூல் இழையை எண்ணுகிற ஆச்சிக்கு இந்தக் கணக்கு தெரிந்திருக்க வேண்டியதில்லை, கை எண்ணினால் போதும். உங்கள் உலகத்திலும் ஏதோ ஒரு வீட்டில் யாரோ 36 முடிச்சு போடட்டும்.

பெரிய தவறுக்கு வருகிறேன்: ராசியைக் குணப் பட்டியலாக மட்டும் வைத்துக்கொள்வது. நம் ஊரில் நட்சத்திரத்தை எப்போது கேட்கிறார்கள்? கோவிலில் அர்ச்சனைத் தட்டை நீட்டும்போது. பெண் பார்க்கும்போது. மனை போடும்போது. அதாவது ஏதோ ஒரு காரியம் நடக்க வேண்டியிருக்கும்போது. அப்போதும் அது மட்டும் போதாது. நகரத்தார் வீடுகளில் வரன் வந்தால், தங்கள் குலத்துக்குரிய ஒன்பது கோவிலில் எந்தக் கோவில், அதில் எந்தப் பிரிவு என்று பார்த்த பிறகுதான் ஜாதகக் கட்டைப் பிரிப்பார்கள்.

காரியம் என்று வந்துவிட்டால் பேரமும் வரும். கற்பனை ஜோதிடங்களில் நான் அதிகம் தேடி ஏமாறுவது பரிகாரத்தைத்தான். தினசரி காலண்டர் தாளைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சூலம் மேற்கு, அதாவது காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் போகக் கூடாத நாள். அதே தாளில் அடுத்த வரியிலேயே பரிகாரம் வெல்லம் என்றும் அச்சாகியிருக்கும். ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டுக்கொண்டு பஸ் ஏறலாம். கிளம்புவதற்கு நேரம் சரியில்லையா, நல்ல நேரத்தில் பெட்டியை மட்டும் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டு, போகும்போது எடுத்துக்கொள்ளலாம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்கப் போன ஊர் இது. கப்பல் நமக்காக நல்ல நேரம் பார்த்து நிற்காது. விதியும் வேண்டும், வேலையும் நடக்க வேண்டும். அந்த இடைவெளியில்தான் மனிதர்கள் வாழ்கிறார்கள். பரிகாரமே இல்லாத ஜோதிடம் வெறும் சட்டப் புத்தகம், அதில் பாத்திரங்களுக்கு அசைய இடம் இருக்காது.

பரிகாரம் இருந்தால் அதை நம்பிப் பிழைப்பவர்களும் இருப்பார்கள். குருப்பெயர்ச்சி அன்று பட்டமங்கலம் போய்ப் பாருங்கள். கிழக்கு நோக்கி அமர்ந்த தட்சிணாமூர்த்தி, வெளியே மஞ்சள் துணி விற்பவர்கள், கொண்டைக்கடலை மாலை கோப்பவர்கள். உங்கள் கூடல் நாளில் யார் என்ன விற்பார்கள் என்று யோசித்துவிட்டீர்களா?

எல்லா ஜோதிடர்களும் ஒரே பலன் சொல்வதும் தவறுதான். 2023ஆம் ஆண்டு சனிப்பெயர்ச்சி திருக்கணிதப் பஞ்சாங்கப்படி ஜனவரி 17, வாக்கியப் பஞ்சாங்கப்படி டிசம்பர் 20. ஒரே வானம், ஒரே சனி, நடுவில் பதினொரு மாதம். மகர ராசிக்காரர் ஒருவருக்கு ஜென்மச் சனி, அதாவது சொந்த ராசியிலேயே நிற்கும் சனி, விட்டதா இல்லையா என்பது அவர் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் தொங்குகிறது என்பதைப் பொறுத்தது. எங்கள் கூட்டத்துப் பெண்ணின் கதையில் இந்தச் சண்டையைப் பெயரே கொண்டுவந்தது. சாவி என்றால் வியாபாரிகளுக்குப் பூட்டைத் திறப்பது, வெள்ளாமை செய்பவர்களுக்கு மணி பிடிக்காமல் போன கதிர். ஒரே குழந்தை, ஒரு தெருவில் அதிர்ஷ்டம், அடுத்த தெருவில் பதர்.

வானம் அசையாது என்று நினைப்பதையும் விட்டுவிடுங்கள். பூமி பம்பரம் போல மெல்லத் தலையாட்டுவதால், பகலும் இரவும் சமமாகும் இடம் சுமார் 72 ஆண்டுக்கு ஒரு பாகை நகர்கிறது. மேலை நாட்டார் மார்ச் 21ஐ ஒட்டி மேஷத்தைத் தொடங்குகிறார்கள், நாம் ஏப்ரல் 14இல் தொடங்குகிறோம். இடையில் இருக்கும் 24 நாள் இப்படிச் சேர்ந்ததுதான். உங்கள் கதையில் மூவாயிரம் வருஷத்துப் பழைய ஆரூடம் இருந்தால், அதில் சொன்ன ராசியும் இன்றைய ராசியும் ஒன்றுதானா என்று யாராவது ஒருவர் கேட்டாக வேண்டும்.

பிறந்த நேரத்தை யார் குறித்தது என்பதும் முக்கியம். லக்னம், அதாவது பிறக்கும் நேரத்தில் கிழக்கே உதிக்கிற ராசி, ஏறத்தாழ ஐந்து நாழிகைக்கு (இரண்டு மணி நேரத்துக்கு) ஒன்றாக மாறும். கடிகாரம் இல்லாத ஊரில், மழை இருட்டில், மருத்துவச்சி சொன்னதுதான் நேரம். ஜாதகமே எழுதாத ஏழைப் பிள்ளைக்குப் பெயரின் முதல் எழுத்தை வைத்து நட்சத்திரம் பார்க்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. உங்கள் உலகத்தில் அப்படிப்பட்ட பிள்ளைக்கு என்ன வழி?

கடைசியாக ஒன்று. எந்த ராசியில் பிறந்தால் துன்பம் என்று முடிவு செய்யாமல் எழுத ஆரம்பிக்காதீர்கள். அந்தத் துன்பத்தைச் சாபம், அசுரன் என்று தூரத்தில் வைக்காமல் வீட்டுக்குள் வையுங்கள். ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம் என்கிறார்கள். அது ஆனி மூலம், பின் மூலம் என்று திருத்திச் சொல்பவர்களும் உண்டு. என் அத்தைக்கு மூல நட்சத்திரம். எந்தத் திருத்தமும் அவருக்கு உதவவில்லை. மாமனாருக்கு ஆகாது என்று வரன்கள் திரும்பிப் போயின. பிறந்த நேரத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிவிடலாம் என்று ஒரு ஜோசியர் அப்பத்தாவிடம் சொன்னாராம். முன்னால் தள்ளினால் கேட்டை, அது மூத்த மைத்துனருக்கு ஆகாது. பின்னால் தள்ளினால் பூராடம், அந்தக் கழுத்தில் நூல் ஆடாது. இரண்டு பக்கமும் பழமொழி நின்றது. கடைசியில் மாமனார் இறந்துபோன வீடாகத் தேடி, முப்பத்தொரு வயதில் அத்தையைக் கட்டிக்கொடுத்தார்கள்.