மறந்துபோன எழுபதுகளின் பேண்ட் ப்ராக் ராக்கா, இல்லையா? கேட்டுக் கண்டுபிடிக்கும் முறை

எழுபதுகளின் ராக் இசைக்குள் கொஞ்சம் ஆழமாக இறங்கினால் இந்தக் குழப்பம் சீக்கிரமே வரும். யெஸ், ஜெனசிஸ், கிங் கிரிம்சன் ஆகியவற்றில் சந்தேகமே இல்லை, எல்லாம் ப்ராகிரசிவ் ராக்தான் (சுருக்கமாக ப்ராக்: வழக்கமான பாட்டு வடிவத்தை விட்டு, பல இசைப் பகுதிகளைத் திட்டமிட்டு அடுக்கும் ராக்). ஒன்றிரண்டு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போன பேண்டுகளில்தான் சிக்கல். ஒருவர் ப்ராக் என்பார், இன்னொருவர் வெறும் ஹார்ட் ராக் என்பார். யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே கேட்டு முடிவுக்கு வரலாம். இசை படித்திருக்க வேண்டியதில்லை. ஹெட்ஃபோன், பேனா, தாள், ஒரு மணி நேரம் போதும்.

பயிற்சிக்குக் கேப்டன் பியாண்ட் என்ற அமெரிக்க பேண்டை எடுத்துக்கொள்வோம். டீப் பர்ப்பிளின் முதல் பாடகர் ராட் எவன்ஸ், அயர்ன் பட்டர்ஃபிளையிலிருந்து வந்த பேஸ் கலைஞர் லீ டோர்மன், கிட்டார் கலைஞர் லாரி ரைன்ஹார்ட், ப்ளூஸ் கிட்டார் கலைஞர் ஜானி விண்டரிடம் ட்ரம்ஸ் வாசித்த பாபி கால்டுவெல் என நால்வர் சேர்ந்தது. 1972இல் காப்ரிகார்ன் நிறுவனம் வெளியிட்ட, பேண்டின் பெயரையே தலைப்பாகக் கொண்ட முதல் ஆல்பம்தான் நம் சோதனைப் பொருள்.

படி 1: அட்டையையும் லேபிளையும் மறந்துவிடுங்கள்

யெஸ் ஆல்பங்களின் அட்டை ஓவியர் ரோஜர் டீன் வரைந்த அட்டை என்றால் உள்ளே ப்ராக் இருக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வேல்ஸைச் சேர்ந்த பட்ஜியின் 1972 ஆல்பத்துக்கும் அவர்தான் அட்டை வரைந்தார். உள்ளே இருப்பது கனமான ரிஃப் ராக் (ரிஃப் என்றால் திரும்பத் திரும்ப வரும் சிறு கிட்டார் மெட்டு). லேபிளும், அதாவது ஆல்பத்தை வெளியிடும் நிறுவனமும், அப்படித்தான். வெர்டிகோ 1970இல் ப்ராக் பேண்டான ஜென்டில் ஜயன்டையும் வெளியிட்டது, ஹெவி மெட்டல் பேண்டான பிளாக் சப்பாத்தையும் வெளியிட்டது. அந்தக் காலப் பத்திரிகை விமர்சனங்களில் ‘ப்ராகிரசிவ்’ என்று பார்த்தாலும் துள்ளிக் குதிக்காதீர்கள். ஹிட் பாட்டு நோக்கமில்லாமல் ஆல்பம் போட்ட யாரையும் அப்போது அப்படித்தான் அழைத்தார்கள்.

படி 2: நீளத்துக்கும் கருவிகளுக்கும் பாதி மதிப்பெண் மட்டும்

அயர்ன் பட்டர்ஃபிளையின் 1968 ஹிட் 17 நிமிடம் ஓடும், எல்பி இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முழுதாக நிரப்பும். ஆனால் அது ஒரே ரிஃப், நடுவில் ஆர்கன் சோலோ, ட்ரம் சோலோ, பிறகு மறுபடி அதே ரிஃப். கேட்க நன்றாக இருக்கும், ப்ராக் இல்லை. அதில் பேஸ் வாசித்தவர் நம் டோர்மன்தான் என்பதை மனதில் வையுங்கள். கேப்டன் பியாண்டின் முதல் ஆல்பத்திலோ 13 துண்டுகள், மொத்தம் சுமார் 35 நிமிடம். நீளத்தை மட்டும் பார்த்தால் முதல் ரவுண்டிலேயே வெளியே போயிருக்கும்.

ப்ராகில் அடிக்கடி கேட்கும் மெல்லோட்ரானும் (டேப்பில் பதிந்த ஒலிகளை வாசிக்கும் கீபோர்டு) ஆதாரமாகாது. 1967லேயே பீட்டில்ஸ் அதைப் பயன்படுத்திவிட்டார்கள். லெஸ்டர் நகரத்து ஸ்பிரிங் பேண்டின் 1971 ஆல்பத்தில் மூன்று பேர் மெல்லோட்ரான் வாசிக்கிறார்கள். மூவரையும் எடுத்துவிட்டுப் பார்த்தால், என் காதுக்கு, மிச்சமிருப்பவை பெரும்பாலும் நல்ல மெதுவான பாப் பாடல்கள்தான். (ட்ரம்ஸ் வாசித்த பிக் விதர்ஸ் பிற்பாடு டயர் ஸ்ட்ரெய்ட்ஸுக்குப் போனவர்.)

படி 3: தாளம் போடுங்கள்

தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். நான்கு நான்காக எண்ணும்போது தட்டு சரியாக விழுந்தால் வழக்கமான ராக். தட்டு நழுவினால் ‘தக தகிட’ என்று ஐந்தாகவோ, ‘தகிட தகதிமி’ என்று ஏழாகவோ எண்ணிப் பாருங்கள். கச்சேரி கேட்டுப் பழகிய காதுக்கு இது கஷ்டமே இல்லை. கேப்டன் பியாண்ட் ஆல்பத்தின் முதல் பாட்டே ஐந்து எண்ணிக்கையில்தான் தொடங்குகிறது. இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். ஜெத்ரோ டல் 1969இல் ஐந்து எண்ணிக்கையில் ஒரு சிங்கிள் போட்டு, அது பிரிட்டன் ஹிட் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. ஆகவே, எண்ணிக்கை எங்கே மாறுகிறது, மாறும்போது பாட்டு வேறு இடத்துக்குப் போகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 4: வரைபடம் போடுங்கள்

வழக்கைத் தீர்ப்பது இந்தப் படிதான். முதலில் ஆப்பில் ஷஃபிளை அணையுங்கள், ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலக்கும் கிராஸ்ஃபேடையும் அணையுங்கள். இல்லாவிட்டால் பாட்டுகள் எங்கே இணைகின்றன, எங்கே வெட்டுகின்றன என்பதே தெரியாது.

தாளில் ஒவ்வொரு புதிய இசைப் பகுதிக்கும் ஓர் எழுத்துக் கொடுங்கள்: முதல் மெட்டு அ, அடுத்தது ஆ, பிறகு இ. பழையது திரும்பினால் பழைய எழுத்தையே எழுதுங்கள். சாதாரண ராக் பாட்டு அ ஆ அ ஆ, நடுவில் ஒரு சோலோ, பிறகு ஆ ஆ என்று வந்து நிற்கும். ப்ராகில் எழுத்துகள் கூடிக்கொண்டே போகும், திரும்பி வரும்போது உருமாறியும் வரும். எழுத்துகள் கூடுவது மட்டும் போதாது. திட்டமில்லாமல் சேர்ந்து வாசித்து ஒட்டுப்போட்ட ஜாமிலும் அவை கூடும். திரும்பி வருவதற்கு ஒரு திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

இப்போது எல்பியின் இரண்டாம் பக்கத்துக்கு வாருங்கள், அதாவது ஆறாவது துண்டிலிருந்து. ஒரு பாடலின் முன்னுரை 1 நிமிடத்துக்குச் சற்று மேல் ஓடுகிறது. உடனே முழுக்க வேறொரு பாட்டு குறுக்கே வருகிறது. அதன் பிறகுதான் முதல் பாடலின் உடல் வருகிறது. ஆச்சா? அடுத்து இன்னும் அழகான வேலை. ஒரு பாடலின் முதல் பாகம், அதற்குள் நிலவைப் பற்றிய ஒரு மென்மையான பாட்டு, நடுவே சில நொடிகளே ஓடும் ஒரு துணுக்கு, மறுபடி நிலாப் பாட்டு, கடைசியில் ஆரம்பித்த பாடலின் இரண்டாம் பாகம். எழுதிப் பார்த்தால் அ ஆ இ ஆ அ. போன வழியிலேயே ஒவ்வொரு வாசலாகத் திரும்பி வருகிறார்கள். தற்செயலாக இப்படி அமையாது, யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டிருக்கிறார்கள். நால்வரில் கீபோர்டுக்கென்று தனி ஆள் கிடையாது, கிட்டார் ஒலி முழுக்க ஹார்ட் ராக்தான். ஆனாலும் கட்டுமானம் ப்ராக்.

படி 5: பேண்டுக்கு அல்ல, ஆல்பத்துக்குத் தீர்ப்பு எழுதுங்கள்

என் தீர்ப்பு: 1972 ஆல்பம் ப்ராக், ஹார்ட் ராக் உடையில். சண்டைக்கு வருபவர்களிடம் இரண்டாம் பக்க வரைபடத்தைக் காட்டுங்கள்.

1973இல் வந்த அடுத்த ஆல்பம் வேறு கதை. கால்டுவெல் போய்விட்டார், புதிய ட்ரம்மருடன் லத்தீன் தாள வாத்தியமும் கீபோர்டும் சேர்ந்தன. லத்தீன் ராக் பேண்டான சான்டானா பக்கம் சாய்ந்த இனிமையான ராக். கீபோர்டு வந்ததும் ப்ராக் குறைந்தது என்பது வேடிக்கைதான். எனக்கு அந்த ஆல்பம் பிடிக்கும், ஆனால் ப்ராக் அலமாரியில் வைக்க மாட்டேன். 1977இல் வேறொரு பாடகருடன் வந்த மூன்றாவதைத் தனியாக எடைபோடுங்கள். முதல் ஆல்பத்தின் பெயரைச் சொல்லி அதற்கு மதிப்பெண் தர வேண்டாம்.

கை பழகியதும் டி2 என்ற லண்டன் மூவர் பேண்டின் 1970 ஆல்பத்தை எடுங்கள். இரண்டாம் பக்கம் முழுக்க ஒரே பாட்டு, 20 நிமிடத்துக்கு மேல். அது அயர்ன் பட்டர்ஃபிளை வழியில் நீண்டதா, வேறு வழியிலா என்று வரைபடம் போட்டுப் பார்த்து, உங்கள் எழுத்து வரிசையைக் கமெண்டில் போடுங்கள்.