கிராம சபைக்கு முன்னால் ஒரு பிள்ளைகள் கூட்டம்

கிராம சபையில் கை தூக்க வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். 18 ஆகாத பிள்ளைகளுக்கு அது இல்லை. ஓட்டு வந்த பிள்ளைகளோ கடைசியில் நின்று போன் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நான் வார்டு உறுப்பினராக இருந்தபோது, சபைக்கு ஒரு வாரம் முன்பே இவர்களைத் தனியாகக் கூட்டி உட்கார வைப்பேன். பிள்ளைகள் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. ஊராட்சி உறுப்பினர்களான நம் தலைவலி குறையும், அதற்காகத்தான்.

முதல் தடவை என்றால் மே 1 சபையைப் பிடியுங்கள், பரீட்சை முடிந்திருக்கும். மார்ச் 22 சபை வேண்டவே வேண்டாம், பொதுத் தேர்வு நேரம்.

இடம் முக்கியம். ஊராட்சி அலுவலகத்தில் கைகட்டி உட்கார்ந்துவிடுவார்கள். கோயில் மண்டபத்துக்குக் காலனிப் பிள்ளைகள் வரத் தயங்குவார்கள். எல்லோரும் படிக்கிற பள்ளிக்கூடத்து மரத்தடியே போதும். அப்பாக்களைக் கூப்பிடாதீர்கள்.

"என்ன வேண்டும்?" என்று கேட்டால் கிரிக்கெட் மைதானம் என்பார்கள், அதோடு முடிந்தது. "வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறாய், டியூஷன் முடிந்து எப்படித் திரும்புகிறாய்?" என்று கேளுங்கள். குறிப்பாகப் பெண்பிள்ளைகளை. எந்த விளக்கு எரிவதில்லை, எந்தத் திருப்பத்தில் குடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள், எந்தக் குழாயடியில் சாக்கடை கலக்கிறது, எல்லாம் வரும். நாம் பைக்கில் போகிறவர்கள், இதெல்லாம் கண்ணில் படாது. கம்பத்து எண்ணோடு போட்டோ எடுத்து வரச் சொல்லுங்கள். சபையில் 'உன் தெருவா என் தெருவா' என்று நாம் மதியம் வரை கத்துவோமே, அந்தச் சண்டை கம்பத்து எண்ணைப் பார்த்ததும் அடங்கிவிடும்.

அப்புறம் சபையில் வைக்கிற ஊராட்சி வரவு செலவு பிளெக்ஸைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை நம் வேலை. பஸ் நிற்காதது போக்குவரத்துக் கழகத்தின் வேலை, அதற்கு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு. இது புரிந்துவிட்டால் நடக்காததைக் கேட்டு நச்சரிக்க மாட்டார்கள். மனுவை அவர்களே எழுதியும் விடுவார்கள், நம்மைவிட நன்றாக.

சபையன்று ஓட்டு உள்ள ஒரு கல்லூரிப் பிள்ளை எழுந்து பட்டியலைப் படிக்கட்டும். "மீசை முளைக்காததுகள் ஊர் விஷயம் பேசுவதா?" என்று ஒரு பெரியவர் கேட்பார். எங்கள் ஊரிலும் கேட்டார். கொஞ்ச நாளில் அதே பெரியவர் பென்ஷன் மனுவை எடுத்துக்கொண்டு, பட்டியல் படித்த பையன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்து, தீர்மான எண்ணை அவர்களிடம் கொடுங்கள். ஏறவில்லையென்றால் காரணத்தை அன்றைக்கே சொல்லுங்கள். மழுப்பினால் அடுத்த தடவை ஒருவரும் வரமாட்டார்கள்.

சுண்டலும் டீயும் நம் கைக்காசு. ஊராட்சிக் கணக்கில் எழுதப் பார்க்காதீர்கள், பிளெக்ஸைப் படிக்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகள்தான் முதலில் கேட்பார்கள்.