மின்சார ரயிலில் ஒரு ஸ்தோத்திர ஜெபம்

காலையில் ஜெபிக்க நேரமே இல்லையா? தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறியதும் போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் ஒரு நன்றி. "எல்லாவற்றுக்கும் ஸ்தோத்திரம்" என்று பொத்தாம்பொதுவாக முடித்துவிடாதீர்கள், அது மனதில் ஒட்டாது. சானடோரியத்தில், விடியலிலேயே தண்ணீர் லாரி வந்ததற்கு. குரோம்பேட்டையில், அம்மாவுக்கு சுகர் குறைந்ததற்கு. பல்லாவரத்தில், நகர்ந்து உட்கார்ந்து இடம் கொடுத்த அக்காவுக்காக. உபகாரங்களை மறவாதே என்று சங்கீதம் 103:2 சொல்வது இப்படிச் சின்னதாக எண்ணும்போதுதான் எனக்குப் புரிந்தது.

பரங்கிமலை வந்ததும், தோமா அப்போஸ்தலர் இரத்தசாட்சியாக மரித்ததாக நம்பப்படும் அந்தக் குன்றை நினைத்துக் கேளுங்கள்: "ஆண்டவரே, இன்று நான் யாருக்குப் பிரயோஜனமாக இருக்கணும்?" மனதில் ஒரு பெயர் வரும். கிண்டியில் இறங்கியதும் அவரைக் கூப்பிட்டுவிடுங்கள், தள்ளிப்போட வேண்டாம். நேற்று எனக்கு வந்தது, மூன்று மாதமாகப் பேசாத என் தம்பியின் பெயர்.