‘அரை அடி’யால் அடைபட்ட மதகு

குடியாத்தம் பக்கத்து ஏரியொன்றின் பாசனச் சங்கத்துக்குக் கணக்கு எழுதும் எனக்கு, ஒன்பது நாள் அலைந்தபின் இந்தச் சிக்கல் தீர்ந்தது. பகலில் திறந்த மதகை இரவில் யாரோ அடைத்துவிட, கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை. பூட்டுப் போட்டோம், உடைந்தது. மதகு திறப்பு அறிவிப்பை மறுபடி அச்சடித்து ஒட்டினோம், பயனில்லை. வினாடிக்கு 1 கன அடி நீர் என்பது வினாடிக்குச் சுமார் 28.3 லிட்டர், அதாவது ஒரு மணி நேரத்தில் ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று அதிகம் என்று கூட்டத்தில் விளக்கியதும் சந்தேகம்தான் கூடியது.

அறிவிப்பை, வயல்களுக்கு நீர் பங்கிடும் நீர்க்கட்டிப் பெரியவருக்கு வாசித்துக் காட்டியபோதுதான் விஷயம் பிடிபட்டது. “அரை அடி கொறஞ்சா அடைக்கணும்னு நீதானே எழுதினே, தம்பி?” என்றார். ‘அரை அடி திறக்கப்படும்’ என்று நான் எழுதியது மதகுக் கதவின் உயரத்தை. கரையோரக் கிணற்றுக்காரர்களோ, ஏரி மட்டம் அவ்வளவு இறங்கலாம் என்று படித்திருக்கிறார்கள். ஏரியில் நீர் நின்றால்தான் அவர்கள் கிணறு ஊறும்; மட்டம் ஏற்கெனவே அரை அடிக்கும் மேல் இறங்கியிருந்ததால் மதகை அடைத்திருக்கிறார்கள்.

அளவையே நீக்கிவிட்டு, அவர் சொன்னபடி, ‘நீர் இறங்கி மதகுப் படிக்கட்டின் மூன்றாம் படி வெளியே தெரிய வரும்வரை மதகு திறந்திருக்கும்’ என்று எழுதி, அந்தப் படியின் விளிம்பில் இரு தரப்பார் முன்னிலையில் சிவப்புச் சாயம் பூசினோம். அன்றிரவு பூட்டுப் போடவில்லை. காலையிலும் மதகு திறந்தே இருந்தது.