கண்புரை ஒப்பரேஷனுக்குப் போகுமுன்

"அம்மாவுக்குக் கண்ணில புரை, ஆனா ஒப்பரேஷன் எண்டாலே பயப்படுறா." கொழும்பு வெள்ளவத்தையில் இந்தப் பேச்சு இல்லாத வீடு குறைவு. "நடுவில கண் சிமிட்டினா?" என்பதுதான் அநேகரின் முதல் பயம். சிமிட்டவே முடியாது, இமைகளைச் சின்னக் கம்பியொன்று விலக்கிப் பிடித்திருக்கும். புரையை மீயொலி அலையால் உடைத்து உறிஞ்சி எடுக்கும் பேகோ முறையில் பெரும்பாலும் சொட்டு மருந்தாலேயே கண்ணை மரக்கச் செய்வார்கள். வெட்டு 2 முதல் 3 மில்லிமீற்றர்தான், வழமையாகத் தையலும் இல்லை. "புரை நல்லா முத்தட்டும்" என்று தள்ளிப்போடாதீர்கள். முத்தினால் அகற்றுவது கடினம்.

லிப்டன் சுற்றுவட்டத்துத் தேசிய கண் வைத்தியசாலைக்குப் போனாலும் தனியாரிடம் போனாலும், பாவிக்கிற மருந்துகளை அட்டையோடு ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். முக்கியமாக, சிறுநீர் பிரச்சினைக்கு டாம்சுலோசின் எடுக்கும் அப்பாமார் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும், முன்பு எடுத்து நிறுத்தியிருந்தாலும்கூட. அந்த மருந்தால் கண்மணி சரியாக விரியாமல் ஒப்பரேஷன் சிக்கலாகலாம். முன்கூட்டியே தெரிந்தால் வைத்தியர் ஆயத்தமாக இருப்பார். கிளினிக்கில் யாரும் கேட்கவில்லை என்று பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். கிருமித்தொற்று அரிது, வந்தால் பார்வையையே பறிக்கலாம். சொட்டு விடுமுன் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள், போத்தல் நுனி இமையில் படக்கூடாது. வீட்டுக்கு வந்தபின் வலியும் சிவப்பும் கூடினால், பார்வை மங்கினால், மின்னல்போல் வெளிச்சம் தெரிந்தால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டாம். அன்றைக்கே, இரவென்றாலும், போய்க் காட்டுங்கள்.