பழைய ஆக்டேவியா டீசல் இழுக்கவில்லையா? சென்சார் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

வண்டி நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், முன்னால் போகும் லாரியை ஓவர்டேக் பண்ணலாம் என்று அழுத்தி மிதித்ததும் இழுவை சட்டென்று செத்துவிடும். ஓரமாக நிறுத்தி, சாவியை அணைத்து, மறுபடி ஸ்டார்ட் செய்தால் ஒன்றும் நடக்காத மாதிரி ஓடும். முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா 1.9 டிடிஐ வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய கதை. இதற்குப் பெயர் லிம்ப் மோட். பூஸ்ட் என்பது டர்போ என்ஜினுக்குள் திணிக்கும் காற்றின் அழுத்தம். கேட்ட பூஸ்டும் கிடைத்த பூஸ்டும் பொருந்தவில்லை என்று என்ஜினின் கணினியான இசியு கண்டால், டர்போ உடைந்துவிடக் கூடாதே என்று பூஸ்ட்டை வெட்டிவிடும்.

இங்கே நான் பேசுவது 90 குதிரைத்திறன் ஏ.எல்.ஹெச் என்ஜினைப் பற்றி. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப், ஜெட்டா, நியூ பீட்டில் என்று பல வண்டிகளில் வந்தது இதுதான். இதே 90 குதிரைத்திறனில் ஏ.ஜி.ஆர் என்று இன்னொன்றும் உண்டு, அதன் டர்போவில் பூஸ்ட்டைக் கூட்டிக் குறைக்கும் நகரும் இதழ்கள் கிடையாது, அதனால் உங்கள் என்ஜின் எது என்று டைமிங் பெல்ட் கவர் மேல் இருக்கும் ஸ்டிக்கரில் முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஸ்கேனரில் 17964 என்ற பிழைக் கோடு வந்தால் பூஸ்ட் கேட்டதைவிடக் குறைவு, 17965 வந்தால் அதிகம். அவ்வளவுதான் அது சொல்லும். எந்தப் பாகம் கெட்டது என்று சொல்லாது. ஆனால் பட்டறையில் இந்த எண்ணைப் பார்த்ததும் ஏர் மாஸ் சென்சாரை மாற்று, பூஸ்ட் சென்சாரை மாற்று, கடைசியில் டர்போவையே மாற்று என்று பில் ஏறிக்கொண்டே போகும். பெரும்பாலும் குற்றவாளி ஒரு ரப்பர் குழாயாக இருக்கும்.

எதையும் கழற்றும் முன் புகையைப் பாருங்கள். இந்த என்ஜினில் ஏர் மாஸ் சென்சார் ஏர் ஃபில்டரை ஒட்டி, டர்போவுக்கு முன்னால் இருக்கிறது. அது அளந்த காற்றுக்கு மேல் டீசல் போகாமல் இசியு கட்டுப்படுத்தும். டர்போ தாண்டி ஏதாவது ஹோஸ் கிழிந்திருந்தால் அளந்த காற்றில் ஒரு பகுதி வெளியே போய்விடும், டீசல் மட்டும் முழுக் கணக்கில் போகும், கரும்புகை தள்ளும். சென்சாரே குறைத்து அளந்தால், அல்லது டர்போவே காற்றைத் தள்ளாவிட்டால், டீசலும் குறைந்துவிடும். அப்போது புகையே இருக்காது, வண்டி மந்தமாக மட்டும் இருக்கும். ஆகவே இழுவை இல்லாமல் கரும்புகையும் வந்தால் காற்றுக் கசிவைத் தேடுங்கள், புகை இல்லாத மந்தம் என்றால் சென்சாரையோ, டர்போவின் இதழ்களை இழுக்கும் வேக்குவத்தையோ (வெற்றிட உறிஞ்சல்) சந்தேகப்படுங்கள். நூற்றுக்கு நூறு சரி என்று சொல்ல மாட்டேன், ஆனால் எங்கே ஆரம்பிப்பது என்று தெரிந்துவிடும்.

அடுத்தது வேக்குவம். செலவே இல்லாத சோதனை. டர்போவின் இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டருக்கு ஒரு கம்பி உண்டு, டர்போ என்ஜினுக்குப் பின்னால் ஃபயர்வால் பக்கம் ஒளிந்திருப்பதால் மொபைலை உள்ளே நீட்டி வீடியோ எடுத்தால் வசதி. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஸ்டார்ட் ஆனதும் கம்பி இழுபட வேண்டும், அணைத்ததும் திரும்பி வர வேண்டும். இழுபடவே இல்லை என்றால் மெல்லிய வேக்குவம் ஹோஸ்கள் காய்ந்து வெடித்திருக்கலாம், அல்லது பூஸ்ட்டைக் கட்டுப்படுத்தும் என்75 சோலனாய்டு வால்வு செத்திருக்கலாம். அந்த வால்வில் மூன்று முனைகள் உண்டு, யாராவது கழற்றி மாட்டும்போது ஹோஸை மாற்றிச் சொருகியிருந்தாலும் இதே கோளாறுதான். ஹோஸை மீட்டர் கணக்கில் வாங்கி எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிடுங்கள், ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு நேரத்தைக் கெடுக்க வேண்டாம்.

கம்பி திக்கித் திக்கி நகர்ந்தால் உள்ளே இதழ்களில் கரி படிந்திருக்கிறது. ஊருக்குள்ளேயே 1500 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டும் வண்டிகளில் இது சகஜம், 17965 வருவதும் பெரும்பாலும் இதனால்தான். டர்போவைக் கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகும். கம்பியின் நட்டைத் திருகி 'செட்டிங்' மாற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து தொடவிடாதீர்கள்.

இப்போது அளவுகள். சாதாரண ப்ளூடூத் ஓ.பி.டி டாங்கிள் இந்தப் பழைய வண்டியோடு பெரும்பாலும் பேசாது. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளைப் படிக்கும் விசிடிஎஸ் மென்பொருளும் அதற்கேற்ற கேபிளும் வேண்டும், நண்பரிடம் இருந்தால் கடன் வாங்குங்கள். முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல், சாவியை மட்டும் ஆன் செய்து 10ஆம் பிளாக்கைத் (அளவுகளைத் தொகுத்துக் காட்டும் பக்கம்) திறங்கள். வளிமண்டல அழுத்தமும் பூஸ்ட் சென்சார் காட்டும் அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். சென்னையில் இரண்டும் 1000 மில்லிபாருக்குப் பக்கத்தில் நிற்கும், ஊட்டியில் 780 பக்கம். இரண்டும் வெகுவாக விலகினால் பூஸ்ட் சென்சாரைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்துவிட்டு மறுபடி பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டி என்றால் 7ஆம் பிளாக்கையும் பாருங்கள், டீசல், உள்ளிழுக்கும் காற்று, கூலன்ட் மூன்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கும். கூலன்ட் மட்டும் தனியாக நின்றால் அந்த சென்சார் போய்விட்டது, இந்த என்ஜினில் அது அடிக்கடி போகும்.

பிறகு காலியான சாலையில், லேப்டாப்பைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் கியரில் 1500லிருந்து 4000 வரை முழு மிதி. 3 (காற்று), 11 (பூஸ்ட்) இரண்டு பிளாக்குகளையும் பதிவு செய்யுங்கள். பூஸ்ட் உச்சத்தில் 2000 மில்லிபாரைச் சுற்றி வர வேண்டும், அதில் பாதி வளிமண்டலம். காற்று ஒரு ஸ்ட்ரோக்குக்கு 3000 ஆர்பிஎம்மில் 800 மில்லிகிராமைத் தாண்ட வேண்டும். ஒரு சிலிண்டர் 474 சிசி, பூஸ்ட்டே இல்லாவிட்டாலும் 500 பக்கம் வரும், அதனால் முழு மிதியில் 500லேயே நின்றால் ஏதோ பெரிய கோளாறு.

இரண்டு எண்ணையும் சேர்த்துப் படியுங்கள், தனித்தனியாகப் படித்தால் ஏமாந்துவிடுவீர்கள். பூஸ்ட் சரி, காற்று மட்டும் குறைவு என்றால் ஏர் மாஸ் சென்சார் பழுது, அல்லது சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு, புகையின் ஒரு பகுதியை மறுபடி உள்ளே அனுப்பும் இஜிஆர் தரும் கரியால் அடைத்திருக்கிறது. எது என்று தெரிய சென்சாரின் பிளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள், இசியு ஒரு மாற்று மதிப்பை எடுத்துக்கொள்ளும். வண்டி இன்னும் நன்றாக ஓடினால் சென்சார்தான். காற்று தாராளம், பூஸ்ட் குறைவு என்றால் கசிவு. இரண்டுமே குறைவு என்றால் மறுபடி வேக்குவம், இதழ்கள், ஏர் ஃபில்டர். இரண்டும் சரியாக இருந்தும் இழுக்கவில்லையா, டர்போவை விட்டுவிட்டு டீசல் ஃபில்டரை மாற்றுங்கள்.

சின்னக் கசிவு ஒரு நயவஞ்சகன். டர்போ கூடுதலாகச் சுழன்று அதை ஈடுகட்டிவிடுவதால் பூஸ்ட் எண்ணில் தெரியாது, 11ஆம் பிளாக்கில் என்75 வால்வின் சதவீதம் வழக்கத்தைவிட உயர்ந்திருப்பதில் மட்டும் லேசாகத் தெரியும்.

கசிவைப் பிடிக்க டர்போவுக்குள் நுழையும் குழாயைக் கழற்றி, அந்த வாய்க்குப் பொருந்தும் பிவிசி மூடி ஒன்றில் பஞ்சர் கடையில் கிடைக்கும் டியூப்லெஸ் வால்வைப் பொருத்தி, கிளிப் போட்டு இறுக்குங்கள். காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றி 10 பிஎஸ்ஐ போதும், 15ஐத் தாண்டாதீர்கள். மூடிக்கு நேராக முகத்தை வைக்கவே கூடாது, பிடுங்கிக்கொண்டு பறக்கும். பிறகு ஷாம்பு தண்ணீரைத் தெளித்து, டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகிற, வருகிற ஒவ்வொரு இணைப்பிலும் நுரை பொங்குகிறதா என்று பாருங்கள், முக்கியமாக பம்பருக்கு அடியில் இருப்பதை, ஏனென்றால் அங்கேதான் எண்ணெய் தேங்கி ரப்பரைப் பதமாக்கிவிடுகிறது. குழாய்க்குள் லேசாக எண்ணெய் ஈரம் இருப்பது சாதாரணம், வெளியே எண்ணெய் வழிந்த தடம் இருந்தால் அங்கே காற்றும் போகிறது. என்ஜினுக்குள் இருந்து மெல்லிய உஸ் சத்தம் கேட்டால் பதற வேண்டாம், ஏதோ ஒரு வால்வு திறந்திருக்கும், கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பிவிட்டுத் தொடருங்கள்.

கிழிந்த ஹோஸை டேப் சுற்றிச் சமாளிக்க நினைக்காதீர்கள், எண்ணெய் பட்டால் ஒரு மேட்டைக்கூடத் தாங்காது. புது ஹோஸ் போட்டதும் பழைய பிழைக் கோடை ஸ்கேனரில் அழித்துவிட்டு அதே சாலையில், அதே கியரில் மறுபடி பதிவு எடுங்கள், என்75 சதவீதம் இறங்கியிருந்தால் வேலை முடிந்தது.