போதைப்பொருள் நீதிமன்றத்தில் பாராட்டையும் கண்டிப்பையும் கையாளும் முறை

அமெரிக்காவில் 1989ஆம் ஆண்டு ஃபுளோரிடா மாநிலத்தின் மயாமியில் தொடங்கிய போதைப்பொருள் நீதிமன்றங்கள், போதைப்பழக்கத்தால் வழக்கில் சிக்கியவர்களைச் சிறைக்கு அனுப்புவதற்குப் பதிலாக நீதிபதியின் கண்காணிப்பில் சிகிச்சை பெற வைப்பவை; இவர்களே பங்கேற்பாளர்கள். இந்நீதிமன்றங்களில் நீதிபதி, வழக்கறிஞர்கள், நன்னடத்தை அலுவலர், சிகிச்சையாளர் ஆகியோர் ஒரே குழுவாகச் செயல்படுகின்றனர். விசாரணைக்கு முன்பே கூடி ஒவ்வொரு பங்கேற்பாளரின் நிலையையும் பேசும் இக்குழு, வெகுமதியா தண்டனையா என்று யோசிப்பதற்கு முன், அவர் செய்யத் தவறியது இப்போதைக்கு அவரால் செய்யக்கூடியதுதானா என்பதை முடிவு செய்ய வேண்டும்.

சந்திப்புக்கு வருவதும், பரிசோதனைக்குச் சிறுநீர் கொடுப்பதும், உண்மையைச் சொல்வதும் முதல் வாரத்திலேயே எவராலும் செய்யக்கூடியவை; எனவே இவற்றில் தவறினால் அப்போதே கண்டிப்பது முறை. ஆனால் கடுமையாக அடிமைப்பட்ட ஒருவர் தொடக்கத்திலேயே போதைப்பொருளை முற்றிலும் விட்டுவிடுவார் என்று எதிர்பார்க்க முடியாது. அவர் மீண்டும் பயன்படுத்தியதாகத் தெரிந்தால், சிகிச்சைத் திட்டத்தை மாற்றியமைக்க வேண்டுமே தவிர, தண்டனையில் இறங்கக் கூடாது. அடிமைப்படாமல் அவ்வப்போது பயன்படுத்தி வந்தவருக்கு இச்சலுகை பொருந்தாது. நிறுத்துவது அவரால் இப்போதே முடிந்த காரியம். சிகிச்சையைக் கூட்டுவதைத் தண்டனையாகவும் குறைப்பதை வெகுமதியாகவும் அறிவிக்கும் வழக்கம் எந்தக் குழுவிலும் இருக்கக் கூடாது, ஏனெனில் சிகிச்சை என்பதே ஒரு தண்டனை என்ற எண்ணத்தை அது பங்கேற்பாளர் மனத்தில் பதித்துவிடும். போதைப்பழக்கத்துக்குச் சிகிச்சையாக மருத்துவர் பரிந்துரைத்த மெத்தடோன், பியூப்ரனார்ஃபின் போன்ற மருந்துகளை முறைப்படி உட்கொள்வதையும் விதிமீறலாகக் கருதலாகாது.

கண்டிப்பின் கடுமையைவிட, அது தவறாமல் வரும் என்ற உறுதியும் விரைவாக வருவதுமே நடத்தையை மாற்றுகின்றன. ஆகவே முன்னறிவிப்பின்றி வாரத்துக்கு இருமுறையாவது பரிசோதனை நடத்தி, முடிவை 48 மணி நேரத்துக்குள் பெற வேண்டும்; முதற்கட்டத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறையாவது பங்கேற்பாளரை நீதிபதி முன் நிறுத்த வேண்டும். சிறு மீறல்களைக் கண்டுகொள்ளாமல் சேர்த்துவைத்து ஒருநாள் மொத்தமாகத் தண்டிப்பது மிக மோசமான வழி.

அளவைப் பொறுத்தவரை இரண்டு அபாயங்கள் உண்டு. வெறும் எச்சரிக்கையையே திரும்பத் திரும்பக் கொடுத்தால் அது பழகிப்போகும். முதல் தவறுக்கே சிறைக்கு அனுப்பினால் அதற்குமேல் செய்ய எதுவும் மிஞ்சாது. எழுத்துப் பணி, சமூக சேவை, வீடு திரும்பும் நேரக் கட்டுப்பாடு, அடிக்கடி ஆஜராகும் கடமை என நடுத்தர நடவடிக்கைகள் பலவற்றைக் கைவசம் வைத்திருக்கும் குழுவே நிதானமாகச் செயல்பட முடியும். சிறை தவிர்க்க முடியாததானால், நாட்களை முன்கூட்டியே வரையறுத்து, பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களுக்கு மேற்படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். உண்மையை ஒப்புக்கொண்டவருக்கும் பரிசோதனை மாதிரியில் கலப்படம் செய்தவருக்கும் ஒரே தண்டனை கொடுத்தால், அடுத்த முறை எவரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

ஒரு கண்டிப்புக்கு நான்கு பாராட்டு என்பது பரவலாகச் சொல்லப்படும் விகிதம். தவறுகளை மட்டுமே குறித்துக்கொள்ளும் குழுவால் இதை எட்ட முடியாது. நேரத்துக்கு வந்தது, சிகிச்சையாளரிடம் மனம்விட்டுப் பேசியது போன்றவற்றையும் பதிவு செய்ய வேண்டும். செலவு ஒரு தடையே அல்ல: ஒரு குடுவையில் சீட்டுகளைப் போட்டு, பெரும்பாலானவற்றில் பாராட்டுச் சொற்களும் சிலவற்றில் மட்டும் சிறு பரிசுகளும் எழுதி எடுக்கச் சொன்னாலே பலன் கிடைக்கும். ஒவ்வொருவருடனும் நீதிபதி குறைந்தது மூன்று நிமிடமாவது பேசுவது, எந்தப் பரிசையும்விட மதிப்புள்ளது என்பது என் கருத்து.

தண்டிப்பதற்கு முன் பங்கேற்பாளரின் தரப்பைக் கேட்பதும், ஒரே தவறுக்கு இருவரை வெவ்வேறு விதமாக நடத்தினால் அதன் காரணத்தை அரங்கிலேயே விளக்குவதும் கட்டாயம்; அங்கே அமர்ந்திருக்கும் மற்றவர்களும் கவனித்துக்கொண்டிருக்கிறார்கள். சிகிச்சையால் ஒருவர் நிலைபெற்று, போதைப்பொருளை விலக்குவது அவரால் முடியக்கூடியதாகிவிட்ட கட்டத்தில், முன்பு சிகிச்சை மாற்றத்தோடு விடப்பட்ட அதே பயன்பாடு இனிக் கண்டிப்புக்கு உரியதாகும். அந்த மாற்றம் நடைமுறைக்கு வரும் நாளுக்கு முன்பே, அவரிடம் நேரில் சொல்லி, கையேட்டிலும் எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.